இரு வழிச் சிரிப்பு
(தமிழ்ச் சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

எங்களுக்கு முன் பேசிய அறிஞர் பெருமக்கள் சிலம்பின் சுவையையும் குறளின் பெருமையையும் எடுத்துரைத்தார்கள். எங்களுக்குப் பின் பேசுவார் ஒருவரும் இலர். எங்களுக்குப் பின் இருப்பது விருந்து. பந்தலின் பின்புறத்திலிருந்து சாம்பார் மணம் வரத் தொடங்கிவிட்டது. இத்தகைய வேளையில் பேச வருபவர் பெரிய பொருளைத் தொடுதல் அறிவுடைமை ஆகாது. ஆகவே, நம் வீடுகளில் அன்றாடம் நிகழும் சிறு வேடிக்கைகளைப் பற்றிச் சில சொற்கள் சொல்லி அமரலாம் என்று எண்ணுகிறோம்.

சிறு பொருள் என்று நாங்கள் சொன்னோமேயன்றித் தொல்காப்பியர் அவ்வாறு கருதவில்லை. மெய்ப்பாடுகள் எட்டு என வகுத்த அவர், நகையையே முதற்கண் வைத்தார். அந்நகை பிறரை எள்ளுவதாலும், இளமையாலும், பேதைமையாலும், மடமையாலும் பிறக்கும் என்றும் காட்டினார். இந்நான்கில் பின்னைய மூன்றும் எங்கள் வீட்டில் குறைவின்றி இருந்தன. முதலாவது எப்பொழுது உள்ளே புகுந்தது, புகுந்து என்ன செய்தது என்பதையும் இன்று மறையாமல் சொல்ல விரும்புகிறோம்.

நாங்கள் தில்லிக்கு வந்தது 1968ஆம் ஆண்டில். அரசாங்கக் குடியிருப்பில் மாடி வீடு. இரண்டு அறை, ஒரு சமையற்கட்டு, மேலே எல்லார்க்கும் பொதுவான மொட்டை மாடி. கீழ் வீட்டில் பஞ்சாபியர், பக்கத்தில் வங்காளியர், எதிரே மதுரைக்காரர். 1974இல் கும்பகோணத்தை அடுத்த சிற்றூரிலிருந்து எங்கள் தாயார் வந்து சேர்ந்தார். குழந்தைகளுக்கு அவர் பாட்டி. நாளடைவில் குடியிருப்பு முழுமைக்குமே பாட்டி. எனவே நாங்களும் இங்கே பாட்டி என்றே சொல்வோம். அவருக்கு இந்தியில் ஒரு சொல்லும் தெரியாது. தெரியவில்லையே என்ற அச்சமும் கிடையாது.

அவர் வந்த மாதத்திலேயே சமையற்கட்டின் தரையில் ஒரு கல் விரிந்துவிட்டது. கொத்தனார் வந்தார், தரையைப் பார்த்தார், தலையை அசைத்தார், "கல்" என்று ஒரே சொல் சொல்லிவிட்டுப் போய்விட்டார். தரையில் உடைந்திருப்பது கல். வந்தவர் கேட்பதும் கல். இதில் ஐயத்திற்கு இடமேது? பாட்டி குழந்தைகளை ஏவிப் பூங்காவின் ஓரத்திலிருந்து ஒரு நல்ல தட்டைக் கல்லைக் கொணர்ந்து வாயிலில் வைத்தார். மறுநாள் கொத்தனார் வந்தார். வெறுங்கையோடு வந்தவர், வாயிலில் கிடந்த கல்லை ஒன்றும் புரியாமல் பார்த்துவிட்டு, மீண்டும் "கல்" என்றார். "ஒன்று போதாதாம்" என்றார் பாட்டி. நான்காம் நாள் மாலை நாங்கள் அலுவலகத்திலிருந்து திரும்பியபோது, வாயிலில் நான்கு கற்கள் வரிசையாக இருந்தன, பாட்டி இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "இந்த ஊரில் ஒரு தரைக்கு எத்தனை கல்லடா வேண்டும்?" என்று கேட்டார்.

இந்தியில் 'கல்' என்றால் நாளை என்று பொருள் என விளக்கினோம். அத்துடன் நின்றிருக்கலாம். நேற்று என்பதற்கும் அதே சொல்தான் என்று எங்கள் புலமையையும் காட்டினோம். பாட்டி சிறிது நேரம் ஆழ்ந்து எண்ணினார். பின்பு, "அப்படியானால் அவன்மேல் குற்றமே இல்லை. நாளைக்கு வருகிறேன் என்று சொன்னவன், நேற்றே வந்து முடித்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருக்கிறான்" என்று தீர்ப்பளித்தார். அன்று முதல் எங்கள் வீட்டில் எவரேனும் ஒரு வேலையை ஒத்திப்போட்டால், "என்ன, கல்லா?" என்று கேட்பது வழக்கமாயிற்று. இக்கதையைப் பிறர் சொல்லிப் பாட்டி கேட்டதில்லை. பாட்டியே சொல்லிப் பிறர் கேட்டார்கள். முதலில் சிரிப்பவரும் அவரே. இதனைத் தாங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம், பின்னால் தேவைப்படும்.

எதிர் வீட்டிற்கு, ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் மகனுடன் தங்குவதற்கு வந்திருந்தார். சூன் மாதத்து வெயிலில் மாம்பழ வண்டிக்காரர், "ஆம்! தசேரி ஆம்!" என்று கூவிக்கொண்டு வருவார். அவர்கள் மொழியில் ஆம் என்பது மாம்பழம். ஆசிரியர் பலகணியில் நின்று, "இவ்வீட்டில் நான் எது சொன்னாலும் இல்லை என்பார்கள். தெருவிலே போகிற இந்த மனிதர் ஒருவர்தாம் செந்தமிழில் ஆம், ஆம் என்கிறார்" என்பார். அந்நன்றிக்காகவே நாள்தோறும் ஒரு கிலோ வாங்கினார் என்பது அவருடைய மருமகளின் புகார்.

இனிக் குளிர்காலம். நம் ஊர்த் தேங்காயெண்ணெய் இங்கே வந்ததும் தன் இயல்பை மாற்றிக்கொள்ளும். வெப்பம் ஏறத்தாழ 24 பாகைக்குக் கீழே இறங்கினால் அது உறையத் தொடங்கும் என்பது தாங்கள் அறிந்ததே. குறுகிய வாய்ப் புட்டியில் உறைந்துவிட்ட எண்ணெயைக் கரண்டிக் காம்பால் குடைந்தெடுத்துக் குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்பிய தாய்மார்கள் இவ்வவையில் பலர் இருப்பீர்கள். பாட்டி அதனை "எண்ணெய் தேய்ப்பது போய், எண்ணெய் செதுக்குவது வந்தது" என்பார்.

எண்ணெய் உறைந்தாலும் பொறுக்கலாம். இட்டலி மாவு பொங்காவிட்டால் எப்படிப் பொறுப்பது? பாட்டி மாவுப் பாத்திரத்தைப் பழைய கம்பளியில் சுற்றி, இரவு கட்டிலில் கிடத்தி, மேலே பஞ்சு ரஜாய் போர்த்திவிடுவார். ஒரு நாள் மாலை கீழ் வீட்டுப் பஞ்சாபி அம்மாள் வந்து அக்கட்டிலில் அமரப் போனார். பாட்டி பதறிக் கையால் தடுத்தார். அம்மாள் ரஜாயின் மேட்டைப் பார்த்தார், குரலைத் தாழ்த்தி, "பச்சா?" என்று கேட்டார். குழந்தையா என்று கேட்கிறார். பாட்டியின் செவியில் அது பச்சையா என்று விழுந்தது. "ஆமாம், இன்னும் பச்சையாகத்தான் இருக்கிறது, பொங்கவே இல்லை" என்று வருத்தத்தோடு தலையசைத்தார். அவ்வருத்தத்தைக் கண்டதும் அம்மாள் ஓடோடிச் சென்று, இஞ்சியும் துளசியும் இட்டுக் காய்ச்சிய கஷாயத்தைக் கொண்டுவந்தார். ரஜாயைத் தூக்கிப் பார்த்த பிறகு இருவரும் கட்டிலின் இரு புறமும் அமர்ந்து சிரித்த சிரிப்பில், பக்கத்து வீட்டு வங்காளியரும் என்னவோ என்று வந்துவிட்டார்கள். மறுநாள் மூன்று வீட்டிலும் இட்டலி. அதன் பின் ஒவ்வொரு குளிர்காலத்திலும் அவ்வம்மாள் படியேறி வந்தால் முதற் கேள்வி, "பச்சா எழுந்துவிட்டானா?" என்பதே.

அவ்வம்மாளின் மகனும் எங்கள் மகளும் ஒரே வயதினர், 1970இல் பிறந்தவர்கள். பள்ளி விட்டால் அப்பையன் எங்கள் வீட்டில்தான் இருப்பான். காரணம், பாட்டி ஊரிலிருந்து கொண்டுவந்த பித்தளைத் தாயக்கட்டை. தரையில் சுண்ணக்கட்டியால் கட்டம் வரைந்து, புளியங்கொட்டையும் சோழியும் காயாக வைத்து ஆடுவார்கள். தாயம் விழுந்தாலன்றிக் காய் இறங்காது. ஆறும் பன்னிரண்டும் விழுந்தால் மீண்டும் உருட்டலாம் என்பன போன்ற விதிகளைத் தாங்கள் அறிவீர்கள். பையன் தமிழ் எண்களை இவ்வாட்டத்திலேயே கற்றான்.

அவனுக்கு எட்டு வயது நிறைந்த அன்று இனிப்போடு வந்தான். "உனக்கு எத்தனை வயதடா?" என்று பாட்டி தமிழிலேயே கேட்டார். கேள்வி விளங்கிவிட்டது. விடைதான் வரவில்லை. ஏன் தெரியுமா? இரண்டு கட்டைகளிலும் முகத்திற்கு ஒன்றாக வெறுமையும், ஒன்றும், இரண்டும், மூன்றும் இருக்கும். அவற்றை எப்படி உருட்டினாலும் தாயம், இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, ஆறு, பன்னிரண்டு என்பவைதாம் விழும். ஏழு முதல் பதினொன்று வரை தாயக்கட்டையில் இல்லை; ஆகவே அவன் தமிழிலும் இல்லை. பையன் சற்று நேரம் விழித்தான்; பிறகு முகம் மலர்ந்து, "பாட்டிஜி! ஆறு, இரண்டு!" என்றான். பாட்டி அவனை அணைத்துக்கொண்டு, "சரியான ஆட்டம்! ஆறு விழுந்தால் மறுபடியும் உருட்டலாமே" என்றார். தவறு என்று ஒருவரும் சொல்லவில்லை. அவனும் தயங்கவில்லை. அடுத்த மாதத்திற்குள் ஏழும் எட்டும் அவனுக்கு வந்துவிட்டன.

அன்பர்களே, இதுவரை சொன்னவை எல்லாம் இனிமையானவை. இனிச் சொல்லப்போவது எங்கள் பிழை.

அதே 1978ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில் ஊருக்குச் சென்றோம். அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன்னர்த் தொடங்கிய தமிழ்நாடு எக்ஸ்பிரசில் சென்னை. எழும்பூரிலிருந்து மீட்டர் கேஜ் வண்டியில் கும்பகோணம். வீடு நிறைய உறவினர். எங்கள் மகள் இரவல் வாங்கி வந்த காமிராவைத் தூக்கிக்கொண்டு, ஊஞ்சலில் இருந்த பெரியவர்களிடம் சென்று, "உங்களை ஒரு போட்டோ இழுக்கட்டுமா?" என்று கேட்டாள். இந்தியில் படத்தை இழுப்பதாகத்தான் சொல்வார்கள். அதை அவள் அப்படியே தமிழில் சொல்லிவிட்டாள். "எங்கே இழுத்துக்கொண்டு போகப்போகிறாய்?" என்றார் ஒருவர். கூடம் அதிர்ந்தது. ஒத்த வயதுப் பிள்ளைகள் அன்று முழுவதும் அவள் பாவாடையைப் பிடித்து, "இழுக்கட்டுமா, இழுக்கட்டுமா" என்று ஓடினார்கள்.

அவர்கள் சிரித்தது பெரிதன்று, குழந்தைகள் அப்படித்தான். நாங்கள் செய்ததே பெரிது. தில்லிக்குத் திரும்பிய பின்னும், வந்த விருந்தினரிடமெல்லாம் அதனைச் சொல்லிச் சிரித்தோம். தீபாவளிக்கு வந்தவரிடம் சொன்னோம். பொங்கலுக்கு வந்தவரிடம் சொன்னோம். மகளை அருகில் அழைத்து, "எங்கே, ஒரு முறை சொல்லிக் காட்டு" என்றும் கேட்டோம். அதை வேடிக்கை என்றே எண்ணினோம். அவள் சிறிது சிறிதாகத் தமிழில் பேசுவதைக் குறைத்ததை நாங்கள் காணவில்லை. தமிழில் கேட்டால் இந்தியில் விடை வந்தது. பள்ளியின் பழக்கம் என்று சமாதானம் செய்துகொண்டோம்.

நாங்கள் காணாததைத் தொலைக்காட்சி காட்டிற்று. தில்லியில் தொலைக்காட்சி தொடங்கியது 1959இல். எங்கள் வீட்டிற்கு அது வந்தது 1980களில். அக்காலத்தில் ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல் ஒவ்வொரு மொழிப் படமாகக் காட்டுவார்கள். தமிழின் முறை வரும் நாளில் எங்கள் கூடம் கொட்டகையாகிவிடும். பஞ்சாபியர், வங்காளியர் எல்லாரும் வருவார்கள். அவர்களுக்காகத் திரையின் அடியில் ஆங்கிலத்தில் எழுத்து ஓடும். நடிகர் வசனத்தைச் சொல்லி முடிக்குமுன்பே அதன் ஆங்கிலம் அடியில் முழுமையாக வந்துவிடும். ஆகவே நகைச்சுவைக் கட்டங்களில் முதலில் அண்டை வீட்டார் சிரிப்பார்கள். இரண்டு நொடி கழித்து நாங்களும் பாட்டியும் சிரிப்போம். அன்று நாங்கள் கவனித்தோம்: எங்கள் மகள் அண்டை வீட்டாரோடு சிரித்தாள். ஒரே வீடு, ஒரே பாய், ஒரே வேடிக்கை. ஆனால் பாட்டிக்கும் பேத்திக்கும் நடுவே இரண்டு நொடி. அவ்விரண்டு நொடியைப் போல நீண்ட தொலைவை நாங்கள் எந்த இரயிலிலும் கடந்ததில்லை.

நாங்கள் கண்டதும் கலங்கினோம். வெகு நாள் முன்பே கண்டிருந்த பாட்டியோ வழி தேடினார். அடுத்த கோடையில் ஒரு நாள் மின்சாரம் போயிற்று. எல்லாரும் மொட்டை மாடியில் நீர் தெளித்துக் கயிற்றுக் கட்டில்களைப் போட்டிருந்தோம். பாட்டி பேத்தியை அழைத்து, "எனக்கு இந்தி சொல்லித் தாடி. பத்து வருஷமாயிற்று, காய்கறிக்காரன் இன்னும் என்னைப் பார்த்துச் சிரிக்கிறான்" என்றார். ஒப்பந்தம் ஒன்றும் செய்துகொண்டார்கள். பாட்டி ஒரு வாக்கியம் இந்தியில் சொல்ல வேண்டும். பேத்தி ஒரு வாக்கியம் தமிழில் சொல்ல வேண்டும். இருவர் சொல்வதற்கும் இருவரும் தடையின்றிச் சிரிக்கலாம். ஆனால் மூன்றாமவரிடம் சொல்லக் கூடாது.

பாட்டியின் இந்தியில் ஆண்பால் பெண்பால் வேறுபாடே இல்லை. மீசை வைத்த பால்காரரைப் பெண்ணாக்கினார், பேருந்தை ஆணாக்கினார். பேத்தி விழுந்து விழுந்து சிரித்தாள். பாட்டி அதற்குமேல் சிரித்தார். சில நாள் சென்று ஓர் இரவு, மகளே எங்கள் பக்கம் திரும்பி, "நான் ஊரிலே போட்டோ இழுத்த கதை தெரியுமா?" என்று தமிழில் தொடங்கினாள். ஏழாண்டுகளாக நாங்கள் சொல்லிவந்த கதையை அன்றுதான் அவள் சொல்லி நாங்கள் கேட்டோம். பாட்டிக்குக் 'கல்' எப்படியோ, அப்படியே அவளுக்கு 'இழுத்தல்' அன்று சொந்தமாயிற்று. ஒரு பிழை பிறர் வாயில் இருக்கும்வரை அது எள்ளல். நம் வாய்க்கே வந்துவிட்டால் அது நகை. தொல்காப்பியர் வேறுபடுத்தியதன் பொருள் எங்களுக்கு அன்று விளங்கிற்று.

பாட்டி 1996இல் மறைந்தார். வீடும் இன்று இல்லை. சரோஜினி நகர், நேத்தாஜி நகர் முதலிய ஏழு அரசாங்கக் குடியிருப்புகளை இடித்துப் புதிதாகக் கட்ட 2016இல் நடுவண் அமைச்சரவை இசைவளித்தது. நாங்கள் வாழ்ந்த வீடும் அவ்வாறு மறைந்தவற்றுள் ஒன்று. நான்கு கற்களில் ஒன்று மட்டும் எங்களோடு புது வீட்டிற்கு வந்து, இப்பொழுது கதவு அடிக்காமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. மகளின் மகனுக்கு வயது பத்து. நாங்கள் ஓர் அறையில் ஒரு கைப்பேசியைப் பார்த்துச் சிரிக்கிறோம். அவன் மற்றோர் அறையில் மற்றொன்றைப் பார்த்துச் சிரிக்கிறான். அன்று இரண்டு நொடி; இன்று இரண்டு அறை.

ஆகவே நம் குடும்பங்களுக்கு இரண்டு வேண்டுகோள். குழந்தையின் தமிழ்ப் பிழையை விருந்தினருக்கு எடுத்துப் பரிமாற வேண்டா. அது அக்குழந்தையின் சொத்து. அதுவாக எடுத்து வைத்தால் மட்டும் சுவைப்போம். நம் இந்திப் பிழையையோ, ஆங்கிலப் பிழையையோ குழந்தைகள் கண்டு சிரித்தால் முகம் சுளிக்க வேண்டா. கூடச் சேர்ந்து சிரிப்போம். சிரிப்பு இரு வழியும் ஓடுகின்ற வீட்டில் மொழியும் இரு வழி ஓடும்.

சங்கத்திற்கு ஒரு வேண்டுகோள். ஆண்டு விழாவில் பிழையின்றிப் பேசும் குழந்தைக்குப் பரிசளிக்கிறோம், அது வேண்டியதே. ஆயினும் பிழையஞ்சி மேடைப் பக்கமே வாராத குழந்தைகள் இவ்வரங்கின் கடைசி வரிசையில் இருக்கிறார்கள். அவர்களுக்காக வரும் ஆண்டு முதல், தாத்தா பாட்டி ஒருவரும் பேரக் குழந்தை ஒன்றும் இணையாக ஆடும் தாயப் போட்டி ஒன்றை வையுங்கள். எண்ணைத் தமிழில் சொல்லவேண்டும் என்பது ஒன்றே விதியாக இருக்கட்டும். தாயக்கட்டை நாங்கள் தருகிறோம், பாட்டியுடையது.

2024ஆம் ஆண்டுத் தீபாவளியன்று கீழ் வீட்டுப் பையன் தொலைபேசியில் அழைத்தான். பையன் என்று எங்களுக்குத்தான் பழக்கம், தலை நரைத்தவன், சண்டிகரில் இருக்கிறான். பேச்சினிடையே, "உனக்கு இப்பொழுது எத்தனை வயதடா?" என்று கேட்டோம். சிறிதும் தயங்காமல், "பன்னிரண்டு, பன்னிரண்டு, பன்னிரண்டு, பன்னிரண்டு, ஆறு" என்றான். அருகிலிருந்த பேரன் விரல்விட்டுக் கூட்டிப் பார்த்து, "ஐம்பத்து நான்கு!" என்று கூவினான். பின்பு எங்கள் பக்கம் திரும்பி, "அந்த மாமா ஏன் அப்படிச் சொன்னார்?" என்று தமிழிலேயே கேட்டான். அன்று மாலை சுண்ணக்கட்டி தேடினோம்.

தங்கள் வீட்டிலும் சுண்ணக்கட்டி எங்கேனும் இருக்கும். இன்று இரவே தேடுங்கள். 'கல்' என்று சொல்லிவிடாதீர்கள். சாம்பார் ஆறுமுன் விடைபெறுகிறோம்.